நடந்துகொண்டே எண்ணுவது: முதியவர்களின் காலுக்கும் மூளைக்கும் சேர்த்து ஒரு பயிற்சி

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. காலையில் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடப்பார், மாலையில் செய்தித்தாளில் வரும் சுடோகுவைப் போடுவார். உடலுக்கும் மூளைக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும் பயிற்சிதான் முதியவர்களுக்கு நல்லது என்று இப்போது சொல்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகச் செய்தால் போதாதா? வீட்டிலேயே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உங்கள் அம்மா செய்யும் இரண்டுமே நல்லவை. எதையும் நிறுத்த வேண்டாம். ஆனால் நடை ஒரு நேரம், சுடோகு ஒரு நேரம் என்று இருக்கும்வரை ஒரு திறன் மட்டும் பயிற்சியே பெறாமல் விடுபட்டுப் போகிறது. கால் ஒரு வேலையில் இருக்கும்போது மனம் இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளும் திறன் அது. முதியவர்கள் தடுமாறும் இடம் பல நேரங்களில் அதுதான். வெறுமனே நடக்கும்போது ஒரு குறையும் தெரியாதவர், கையில் காபி டம்ளரோடு வருகையில் யாரோ கூப்பிட, பதில் சொல்லிக்கொண்டே திரும்பும்போது நிலைப்படியில் இடறுகிறார். வருகிற பஸ்ஸின் எண்ணைப் படித்தபடி நடைபாதையிலிருந்து இறங்கும்போது கால் பிசகுகிறது. முதியோருக்கான இயன்முறை சிகிச்சையில் நெடுங்காலமாக இருப்பவன் நான். விழுந்து அடிபட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அந்த நேரத்தில் வேறு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்பதைத்தான். பெரும்பாலானவர்களிடம் அதற்கு ஒரு பதில் இருக்கிறது.

1997இல் ஸ்வீடனின் உமேயோ நகர ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். முதியோர் இல்லவாசிகள் 58 பேரோடு சேர்ந்து நடந்தபடியே பேச்சுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த 6 மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். கருவி இல்லை, ஸ்கேன் இல்லை. நடக்கும்போது பேச முடிகிறதா என்ற ஒரே கவனிப்பு அவ்வளவைச் சொல்லிவிட்டது. இன்று உலகெங்கும் முதியோர் மருத்துவத்தில் நடக்கும் 'இரட்டைப் பணி' (ஒரே நேரத்தில் இரண்டு வேலை) ஆய்வுகளுக்கு இது ஒரு முக்கியத் தூண்டுதல்.

இளமையில் நடை கிட்டத்தட்டத் தானாக ஓடும் வேலை. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் இருக்கும் நரம்புச் சுற்றுகள் அடியெடுத்து வைக்கும் தாளத்தைப் பார்த்துக்கொள்ளும். சிறுமூளை அதைத் திருத்திக்கொண்டே வரும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை மற்ற யோசனைகளுக்குக் காலியாக இருக்கும். வயது ஏற ஏறப் பாதத்தின் உணர்வு குறைகிறது, பார்வை மங்குகிறது, உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு தளர்கிறது, தசை சுருங்கும் வேகம் இறங்குகிறது. உடலிலிருந்து வரும் தகவல் இப்படித் தெளிவிழக்கும்போது, முன்மூளையே நடையை மேற்பார்வை பார்க்க வேண்டியதாகிறது. ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கவனம் செலவாகிறது. பேச்சுக்கும் கணக்குக்கும் 'கேஸை அணைத்தோமா' என்ற யோசனைக்கும் வேண்டியிருப்பதும் அதே முன்மூளைதான். இரண்டும் ஒரே நொடியில் கேட்கும்போது ஒன்று விட்டுக்கொடுக்கிறது. பேசுவதற்காக நிற்பவர் உண்மையில் தன்னைக் காத்துக்கொள்கிறார். நிற்காமல் பேசிக்கொண்டே வேகமாகப் போக முயல்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

இந்தக் கவனப் பங்கீட்டைப் பயிற்சியால் மேம்படுத்த முடியும். தனித்தனியாகச் செய்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நேர்மையான பதில் இரண்டு பகுதியாக வரும். சிந்தனைத் திறனுக்கு, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாலும் பலன் இருக்கிறது. லேசான அறிவாற்றல் குறைபாடு (நினைவும் யோசனையும் வயதுக்கு மீறிக் குறைந்தாலும் மறதிநோய் அளவுக்குப் போகாத நிலை) உள்ள 175 பேரை வைத்துக் கனடாவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், முதலில் கணினியில் மூளைப் பயிற்சி, அது முடிந்ததும் உடற்பயிற்சி என்று 20 வாரம் செய்தார்கள், முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் நடக்கும்போது தடுமாறாமல் இருக்க வேண்டும் என்பது நோக்கமானால், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து பழகாமல் அந்தத் திறன் வருவதில்லை. நீச்சல் பற்றி எவ்வளவு படித்தாலும் நீரில் இறங்காமல் நீந்த வராது.

வீட்டில் செய்ய எளிதானதிலிருந்து தொடங்குகிறேன். ஜப்பானில் நகோயாவுக்கு அருகே ஓபு என்ற ஊரில் அந்நாட்டின் தேசிய முதியோர் மருத்துவ ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே உருவாக்கிய பயிற்சிக்குக் 'காக்னிசைஸ்' என்று பெயர். அதன் அடிப்படை வடிவத்துக்கு ஒரு பாய் அளவு இடம் போதும். இரு கால்களையும் சேர்த்து நேராக நில்லுங்கள். 'ஒன்று' என்று வாய்விட்டுச் சொல்லி வலக்காலை வலப்பக்கம் அகலமாக எடுத்து வையுங்கள். 'இரண்டு' என்று சொல்லி அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். 'மூன்று' என்னும்போது இடக்கால் இடப்பக்கம் போகும், 'நான்கு' என்னும்போது திரும்பி வரும். எண்ணிக்கை ஐந்து, ஆறு, ஏழு என்று நிற்காமல் ஏற, கால்கள் இதே வரிசையில் போய்க்கொண்டே இருக்கும். இப்போது ஒரே ஒரு விதி: 3இன் மடங்கு வரும் ஒவ்வொரு முறையும் கை தட்ட வேண்டும்.

படிக்கும்போது சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். எழுந்து நின்று செய்து பாருங்கள். ஏன் குழப்புகிறது என்பதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. கால்களின் சுற்று நான்கு அடிகளில் முடிகிறது, கைதட்டலின் சுற்று மூன்றில் முடிகிறது. 3இல் தட்டும்போது இடக்கால் வெளியே போகிறது. 6இல் வலக்கால் உள்ளே வருகிறது. 9இல் அதே வலக்கால் வெளியே போகிறது. 12இல் இடக்கால் உள்ளே வருகிறது. நான்கு கைதட்டல்களும் நான்கு வேறு வேறு அசைவுகளில் விழுவதால், கையையும் காலையும் ஒன்றாகக் கட்டிப்போட்டுப் பழக்கமாக்கிவிட மூளைக்கு வழி இல்லை. 3க்குப் பதில் 4இன் மடங்கில் தட்டச் சொன்னால் பயிற்சி அங்கேயே செத்துப்போகும்; எப்போதும் இடக்கால் உள்ளே வரும்போதுதான் தட்டல் விழும், அடுத்த நிமிடமே மனம் உறங்கிவிடும். 5இன் மடங்கு மறுபடி நன்றாக வேலை வாங்கும். இதைப் புரிந்துகொண்டால் புதிய பயிற்சிகளை நீங்களே உருவாக்கலாம்.

தவறு வரும். வர வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இதைத்தான் முதலில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் தப்பாகத் தட்டிவிட்டால் கூச்சப்பட்டு "எனக்கு இதெல்லாம் வராது" என்று உட்கார்ந்துவிடுவார்கள். ஓபு மையத்தின் வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது: லேசாக மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் வேலையும், அவ்வப்போது பிழை வரும் அளவுக்கு மூளை வேலையும் இருக்க வேண்டும், பிழையே இல்லாமல் வரத் தொடங்கினால் பணியை மாற்றிவிட வேண்டும். அதில் தேர்ச்சி பெறுவது குறிக்கோளே இல்லை. பிழையைத் திருத்திக்கொள்ள முன்மூளை முயலும் அந்தச் சில நொடிகள்தான் பயிற்சி. எங்கள் துறையில் மற்ற பயிற்சிகளுக்கெல்லாம் 'சரியாகச் செய்யுங்கள்' என்று வற்புறுத்துவோம். இதில் மட்டும், முழுக்கச் சரியாகச் செய்கிறவரைப் பார்த்தால் உடனே அடுத்த படிக்கு நகர்த்துவேன். அதேபோல் ஒவ்வோர் எண்ணிலும் சறுக்கினால் பணி மிகக் கடினம் என்று பொருள். வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கைதட்டலை விட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பெரியவர்களிடம் இதற்கு ஏற்ற சரக்கு ஏராளமாக இருக்கிறது. ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல். மனப்பாடமாகிப் போனவை சுமையே ஆகாது. ஐம்பது ஆண்டுகளாகத் தினமும் சொல்லும் பதிகத்தை நடந்துகொண்டே சொன்னால் மனதுக்கு நிறைவு கிடைக்கும், முன்மூளைக்கு வேலை கிடைக்காது. அந்தக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து உருப்போட்ட பதினாறாம் வாய்ப்பாடும் அப்படித்தான். அதையே பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். 160, 144, 128 என்று இறங்கும்போது முகமே மாறுவதைப் பார்ப்பீர்கள். 27 நட்சத்திரங்களை ரேவதியிலிருந்து அசுவினிக்குத் திரும்பச் சொல்லலாம். அதுவும் பழகிவிட்டால் ஒன்று விட்டு ஒன்று: அசுவினி, கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், ஆயில்யம். துணைக்கு ஒருவர் இருந்தால் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டு இன்னும் நல்லது, ஏனென்றால் எதிராளி என்ன சொல்வார் என்று முன்கூட்டித் தெரியாது. பெயர்களைச் சொல்வது என்று வைத்தால் 'காய்கறி' என்ற பரந்த தலைப்பைவிட 'கொடியில் காய்க்கும் காய்' என்ற குறுகிய தலைப்பு கூடுதல் வேலை வாங்கும்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவராக இருந்தால் தாளமே போதும். ஆதி தாளம் எட்டு அட்சரம். ஒவ்வொரு ஆவர்த்தனமும், அதாவது தாளத்தின் ஒவ்வொரு சுற்றும், அதே காலில் தொடங்கும் என்பதால் அது எளிது, முதல் வாரத்துக்குச் சரி. பிறகு ரூபகத்தின் மூன்று தட்டுகளைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நடக்கச் சொல்லுங்கள். ஆவர்த்தனத்தின் முதல் தட்டு ஒருமுறை வலக்காலிலும் மறுமுறை இடக்காலிலும் விழும். கண்ட சாபு, மிஸ்ர சாபு என்று ஒற்றைப்படைத் தாளங்கள் எல்லாமே இப்படிக் காலை மாற்றிவிடும்.

தாளமும் நடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று ஜெனீவாவிலிருந்து வந்திருக்கிறது. எமில் ஷாக்-டால்க்ரோஸ் என்ற இசை ஆசிரியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இசை மாணவர்களுக்குத் தாளத்தை உடம்பால் கற்பிக்க அங்கே ஒரு முறையை வளர்த்தார். அதையே முதியவர்களிடம் சோதித்தார்கள். விழும் அபாயம் உள்ள, 65 வயதுக்கு மேற்பட்ட 134 பேர். வாரத்தில் ஒரே ஒரு மணி நேர வகுப்பு, 6 மாதம். பியானோ வாசிப்பவர் அந்த நேரத்துக்குத் தோன்றியபடி வாசிப்பார், இசையின் வேகமும் அழுத்தமும் மாறும்போதெல்லாம் நடப்பவர்கள் நடையை மாற்ற வேண்டும், திரும்ப வேண்டும், நிற்க வேண்டும், கையில் உள்ள பொருளைக் கைமாற்ற வேண்டும். 2011இல் வெளியான முடிவின்படி, வகுப்பில் சேராதவர்களோடு ஒப்பிட்டால் விழுதல் பாதிக்கும் மேல் குறைந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்த பலன் இது என்பது என்னை இன்றும் ஆச்சரியப்படுத்துகிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோலாட்டம் நினைவுக்கு வரும். எதிரே இருப்பவரின் கோலைத் தட்ட வேண்டும், அடுத்த தட்டுக்கு ஆளை மாற்ற வேண்டும், வட்டம் நகர வேண்டும், வாயில் பாட்டு. பின்னல் கோலாட்டத்தில் மேலிருந்து தொங்கும் கயிறு பின்னிக்கொண்டே வரும். பிறகு அதே அடிகளைத் திருப்பிப் போட்டுப் பின்னலை அவிழ்க்க வேண்டும். கால், கை, கண், நினைவு, பிறரின் அசைவைக் கணிப்பது எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும் ஆட்டம் இது. உங்கள் அம்மா தலைமுறைப் பெண்கள் பலர் பள்ளியில் கோலாட்டமோ கும்மியோ ஆடியவர்கள். குடியிருப்பில் நான்கு பேர் சேர்ந்தால் மெதுவான கும்மியே போதும். குனிந்து நிமிரும் அசைவை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இதை விழா மேடைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருப்பது நமக்குப் பெரிய நஷ்டம்.

நடனத்தைப் பற்றி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வாசிப்பு, பலகை விளையாட்டுகள், இசைக்கருவி வாசித்தல் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களிடம் மறதிநோய் குறைவாகக் காணப்பட்டது. உடலுழைப்புள்ள பொழுதுபோக்குகளில் அப்படிப்பட்ட தொடர்பு நடனத்துக்கு மட்டுமே தெரிந்தது. ஆனால் இது கவனித்துப் பார்த்த ஆய்வு மட்டுமே. நடனம் நோயைத் தடுத்ததா, அல்லது நோயின் தொடக்கம் உள்ளவர்கள் முன்பே ஆடுவதை விட்டுவிட்டார்களா என்பதை இந்த வகை ஆய்வால் முழுமையாகப் பிரிக்க முடியாது.

ஜப்பானிலிருந்தே இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'கட்டம் மிதிக்கும் பயிற்சி'. இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள விரிப்பில் 25 சென்டிமீட்டர் அளவில் 40 கட்டங்கள். பயிற்றுநர் ஒரு காலடி வரிசையை நடந்து காட்டுவார். அதை நினைவில் வைத்து அப்படியே நடக்க வேண்டும். முதலில் நேராக முன்னே போகும் இரண்டடி வரிசை, பிறகு பக்கவாட்டு அடி, குறுக்கு அடி, பின்னடி என்று நூற்றுக்கும் மேற்பட்ட வரிசைகள் இருக்கின்றன. நம் வீடுகளில் ஓரடி டைல்ஸ் தரையே கட்டம் போட்டு வைத்திருக்கிறது. பேரப்பிள்ளை ஒரு வரிசையை நடந்து காட்ட, பாட்டி அதைத் திருப்பி நடக்கட்டும். அடுத்து பாட்டி ஒன்று கண்டுபிடித்து நடக்கட்டும். சிறுவயதில் பாண்டி ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடித்துப்போகும். ஆனால் நொண்டக் கூடாது, குதிக்கக் கூடாது, கோட்டை மிதிக்காமல் அடி வைத்தால் போதும்.

எட்டு வடிவ நடையைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள், ஏனென்றால் நம் ஊர்ப் பூங்காக்களில் எட்டுப் போட்டே வைத்திருக்கிறார்கள். அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சில வாரங்களில் போக்கிவிடும் என்று சொல்லப்படுவதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மற்றபடி எட்டு நடையில் உண்மையான நன்மை ஒன்று இருக்கிறது. நேராக நடப்பதைவிட வளைந்து நடப்பதற்குத் திட்டமிடல் அதிகம் தேவை. ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கக் கால் குறுகிய அடியும் வெளிப்பக்கக் கால் நீண்ட அடியும் வைக்க வேண்டும், நடுவில் திசையே மாறும். முதியவர்களின் நடைத்திறனை அளக்கவே எட்டு வடிவ நடைச் சோதனை ஒன்று மருத்துவத்தில் இருக்கிறது. உங்கள் அம்மா மாடியில் நேர்க்கோட்டில் போய் வருவதற்குப் பதில், கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி இரண்டு நாற்காலிகளை வைத்து அவற்றைச் சுற்றி எட்டுப் போடட்டும். ஒரு வாரம் கழித்து, வளைவில் மட்டும் ஒரு ஊர்ப் பெயர் சொல்ல வேண்டும் என்ற விதியைச் சேருங்கள். வாசலில் சிக்குக் கோலம் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டாம். குனிந்த நிலையில் சமநிலை, புள்ளிக் கணக்கு, இழை எங்கே திரும்பி வர வேண்டும் என்ற திட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. இடுப்பு வலி உள்ளவர்கள் முக்காலியில் உட்கார்ந்து போடலாம்.

மெதுவாக நகரும் சீனப் பயிற்சியான தாய்ச்சியும் இந்தக் குடும்பம்தான். அமெரிக்க ஆய்வாளர்கள் தாய்ச்சி அசைவுகளுக்குள் நினைவுப் பணிகளையும் சொற்பணிகளையும் நுழைத்து, நினைவு குறைவதாக உணர்ந்த அல்லது லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள 318 முதியவர்களிடம் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தே காணொளி அழைப்பில் வாரம் இருமுறை, 24 வாரம். மூளைப்பணி சேர்த்த தாய்ச்சி, சாதாரண தாய்ச்சியைவிடவும் வெறும் நீட்சிப் பயிற்சியைவிடவும் சிந்தனைத் திறனில் கூடுதல் பலன் தந்தது. இரண்டையும் பின்னிச் செய்வது தனியாக எதையாவது சேர்க்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஆய்வுகளில் இது ஒன்று.

இவ்வளவு சொன்ன பிறகு எல்லையையும் சொல்லியாக வேண்டும். விழுவதைக் குறைக்கவும் நடையைச் சீராக்கவும் இவ்வகைப் பயிற்சிகள் உதவும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. கவனம், செயல்வேகம், திட்டமிடல் ஆகியவற்றில் மிதமான முன்னேற்றம் வருவதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஓபுவில் 100 பேரிடம் நடந்த ஆய்விலும், மறதியே முதன்மைக் குறையாக இருந்தவர்களிடம் நினைவுச் சோதனைகளில் பயன் தெரிந்தது. ஆனால் மறதிநோயே வராமல் தடுத்துவிடும் என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. அப்படிச் சொல்லிக் கருவியோ செயலியோ விற்க வருகிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்தப் பயிற்சிக்குத் தரையும் ஒரு துணையும் தவிர எதுவும் தேவை இல்லை.

எலிகளில் நடந்த ஒரு கண்டுபிடிப்பு மட்டும், ஏன் இரண்டும் சேர வேண்டும் என்பதைப் புரியவைக்கிறது. ஓடும் எலியின் மூளையில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்களாக வளரக்கூடிய முன்னோடி அணுக்கள் பெருகின்றன. புதிது புதிதாக எதையாவது கற்க வேண்டியிருக்கும் சூழலில் வாழும் எலியிடம், அப்படிப் பிறந்த அணுக்கள் அதிகம் பிழைத்து நிலைக்கின்றன. ஜெர்மன் ஆய்வாளர்கள் 2009இல் இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்துப் பார்த்தபோது பலன்கள் ஒன்றோடொன்று கூடின. மனித மூளைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், உடலுழைப்பு வாய்ப்பை உண்டாக்க, மூளையுழைப்பு அதைப் பயன்படுத்திக்கொள்கிறது என்ற எண்ணம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இனி பாதுகாப்பு. இதை மேலோட்டமாகப் படிக்காதீர்கள். கவனத்தை வேண்டுமென்றே பிரிக்கும் பயிற்சி இது. பிரித்த கவனம் விழவும் வைக்கும். ஆகவே முதல் விதி, தடுமாறினால் கணக்கை விட்டுவிட்டுக் காலைப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை போனால் போகட்டும் என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தொடக்கத்தில் சமையல் மேடையோ கனமான உணவு மேசையோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; சக்கரம் வைத்த நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் பிடிமானத்துக்கு உதவாது. சேலைக் கரையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். வழுக்கும் மிதியடி, துடைத்து ஈரம் காயாத தரை, மடங்கும் விரிப்பு எதுவும் கூடாது. படிக்கவும் தூரம் பார்க்கவும் ஒரே கண்ணாடியாக அணிபவர்களுக்குக் கீழே பார்க்கும்போது தரை மங்கலாகத் தெரியும். கட்டம் மிதிக்கும்போது தூரப்பார்வைக் கண்ணாடி தனியாக இருந்தால் நல்லது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றுபவர்கள், கடந்த ஓராண்டில் விழுந்தவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், பாதம் மரத்துப் போனவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு இது பயனுள்ளதுதான், ஆனால் அவர்களின் கால் திடீரென்று தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடக்கூடும் என்பதால் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நிற்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்கார்ந்தபடியே காக்னிசைஸின் நான்கு அடிகளைப் போடலாம். வலக்கால் வெளியே, உள்ளே, இடக்கால் வெளியே, உள்ளே, மூன்றின் மடங்கில் கைதட்டல். முழங்கால் வலியால் படி இறங்காத ஒருவருக்கு நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். நாற்காலியில் இது சுலபமானதும், நாற்காலியின் பின்புறம் நின்று அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். அப்போது கைதட்டலுக்குப் பதில் அந்த எண்ணைச் சொல்லாமல் விழுங்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும், நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். உலக சுகாதார அமைப்பின் 2020 பரிந்துரை, 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும், அதோடு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையையும் வலுவையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சி வேண்டும் என்கிறது. உங்கள் அம்மாவின் மாடி நடை முதல் பகுதியை நிறைவு செய்துவிடுகிறது. விடுபட்ட இரண்டாம் பகுதியின் இடத்தில் இந்தப் பயிற்சியையும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் எளிய தசைப் பயிற்சியையும் வைத்தால் வாரம் முழுமையாகிவிடும். சோர்ந்திருக்கும் இரவு வேளையைவிடக் காலை நேரம் நல்லது.

முன்னேற்றத்தை அளக்கவும் ஒரு வழி சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடி உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கலாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வகுத்திருக்கிறது. பிறகு, 100இலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே அதே நடையை நடக்கச் சொல்லுங்கள். முதலில் 11 நொடியும் இரண்டாவதில் 14 நொடியும் ஆனால், கூடுதலான மூன்று நொடியை 11ஆல் வகுத்தால் சுமார் 27 சதவீதம். இதுதான் மூளைப்பணிக்காக நடை கொடுத்த விலை. இரண்டு மாதம் கழித்து அதே நாற்காலி, அதே தூரம் வைத்து மறுபடி பாருங்கள். எண்ணிக்கையில் பிழை கூடாமல் இந்த விலை மட்டும் குறைந்திருந்தால் பயிற்சி வேலை செய்கிறது. மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அவருடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சுடோகுவைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஆண்டுகளாக ஒரே வகைப் புதிரைப் போடுபவர் அந்தப் புதிரில் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார்; அது மற்ற வேலைகளுக்கு அதிகம் பரவுவதில்லை. பிடித்திருந்தால் தொடரட்டும், ஆனால் அதோடு புதிதாக ஏதாவது ஒன்றும் இருக்கட்டும். அதைவிட முக்கியம், அம்மாவின் காதுகளைச் சோதிப்பது. 2024இல் லான்செட் ஆணையம் மறதிநோயோடு தொடர்புடைய, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 சதவீத நோயாளிகளிடம் நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. செவித்திறன் குறைவு, சரிசெய்யாத பார்வைக் குறைவு, உடலுழைப்பின்மை, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. சரியாகக் கேட்காத ஒருவர், கேட்பதற்கே பாதிக் கவனத்தைச் செலவழித்துவிட்டுத்தான் நடக்கவும் தொடங்குகிறார். தனிமைக்கு மருந்தாக, இந்தப் பயிற்சியை அவர் தனியாகச் செய்யாமல் நீங்களோ பக்கத்து வீட்டுத் தோழியோ எதிரே நின்று செய்யுங்கள். தவறு செய்யும்போது இருவரும் சேர்ந்து சிரித்தால் கூச்சம் போய்விடும்.

அம்மாவுடன் கடைக்கு நடந்து போகும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பல ஆண்டுகளாகப் பேசும்போது மெதுவாக நடப்பது அவர் வழக்கமாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, பயிற்சியைத் தொடங்கலாம். நேற்றுவரை பேசிக்கொண்டே இயல்பாக நடந்தவர் சில வாரங்களுக்குள் நின்று நின்று பேசத் தொடங்கினாலோ, நடை திடீரென்று குறுகினாலோ, சிறுநீரை அடக்க முடியாமை அதோடு சேர்ந்து வந்தாலோ, வீட்டுப் பயிற்சியால் சரிசெய்யப் பார்க்காமல் நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். மூளையில் நீர் கோத்தல், மருந்துகளின் பக்கவிளைவு, வைட்டமின் பி12 குறைவு போன்றவையும் நடையைக் கெடுக்கும். அவற்றில் சில, நேரத்தோடு கண்டுபிடித்தால் சரியாகக்கூடியவை.